போய்ச் சேர்ந்ததா?

ரேடியோ மாட்யூல் விற்கிறவர்கள் எல்லோரும் தூரத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, 'திறந்தவெளியில் 1000 மீட்டர்' என்பதுதான் முதல் வரியாக இருக்கும். கோவை வட்டாரத்தில் கிணற்று மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியையும் வயர் இல்லாமல் இணைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் தூரம் பெரிய விஷயமே இல்லை என்பது என் கட்சி. ஆன்டெனாவை உயர்த்தினால் தூரம் கிடைத்துவிடும். அதற்கு ஜிஐ பைப்பும் கிளாம்பும் போதும். அனுப்பிய பாக்கெட் வராதபோது மறுமுனை என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில்தான் மண்டை காயும்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பு. கிணறோ போரோ பள்ளத்தில், தொட்டி மேட்டில், நடுவே முந்நூறு நானூறு மீட்டருக்கு வாழையோ தென்னையோ மக்காச்சோளமோ. முன்பெல்லாம் ஃப்ளோட் சுவிட்சிலிருந்து ஸ்டார்ட்டர் வரை வயர் இழுப்பார்கள். ஒரு உழவு போதும், டிராக்டர் கலப்பையில் வயர் மாட்டிக்கொள்ளும். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். போன் போட்டால் மோட்டார் ஓடுகிற மொபைல் ஸ்டார்ட்டர் வந்தபிறகு பாதித் தொல்லை தீர்ந்தது. ஆனால் தொட்டி நிறைந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. தொட்டியே மோட்டாரிடம் சொல்லட்டும் என்று யாராவது ஆசைப்படும்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

வேலை பழக வருகிற பையன்களுக்கு முதலில் அந்த மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் ஜோடியைத்தான் கையில் கொடுப்பேன். டிரான்ஸ்மிட்டருக்கு மூன்று கால், ரிசீவருக்கு நான்கு. பாக்கெட் என்ற பேச்சே அதில் கிடையாது. டேட்டா காலில் 1 கொடுத்தால் அலை கிளம்பும், 0 கொடுத்தால் நிற்கும், அவ்வளவுதான். யாரும் அனுப்பாத நேரத்தில் ரிசீவர் சும்மா இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது சும்மா இருக்காது. அலை எதுவும் கிடைக்காதபோது தன் பெருக்கத்தை ஏற்றிக்கொண்டே போய், வெற்று இரைச்சலை ஒன்றும் சுழியமுமாக டேட்டா காலில் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் குப்பைக்குள் எது செய்தி, எது இரைச்சல் என்று பிரிக்கத்தான் பாக்கெட்.

மைக் மெக்காலி எழுதிய விர்ச்சுவல்வயர் என்ற பழைய நிரலைத் திறந்து பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும். முதலில் 1, 0, 1, 0 என்று 36 பிட் போகிறது. ரிசீவரின் பெருக்கம் நிதானத்துக்கு வர அந்த அவகாசம். அடுத்து ஒரு தொடக்கக் குறி. அப்புறம் செய்தியின் நீளம், செய்தி, கடைசியில் பிழை கண்டுபிடிக்கும் சிஆர்சி. இதில் எனக்குப் பிடித்த ஒரு சாமர்த்தியம் உண்டு: ஒவ்வொரு 4 பிட்டையும் 6 பிட்டாக மாற்றித்தான் அனுப்புவார்கள். அந்த ஆறில் எப்போதும் மூன்று ஒன்று, மூன்று சுழியம். செய்தி முழுக்கச் சுழியமாகவே இருந்தாலும் காற்றில் போவது சரிபாதியாக இருக்கும்; ரிசீவரும் தடுமாறாது. இதை ஒருமுறை அலைக்காட்டியில் பார்த்துவிட்ட பையனுக்கு, பின்னால் வரும் எந்த மாட்யூலும் புரியும்.

அடுத்த படி, நார்வேயின் நார்டிக் நிறுவனத்து என்ஆர்எஃப்24எல்01. 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 433 ஜோடியில் நாம் நிரலில் செய்த அத்தனையையும் இது சிப்புக்குள்ளேயே செய்துவிடும். ஒரு பைட் முன்னோட்டம், 3 முதல் 5 பைட் முகவரி, 9 பிட் கட்டுப்பாடு, அதிகபட்சம் 32 பைட் செய்தி, 1 அல்லது 2 பைட் சிஆர்சி. முகவரியோ சிஆர்சியோ ஒத்துவராவிட்டால் பாக்கெட்டை நம் கண்ணிலேயே காட்டாது. சரியாக வந்தால் 'வந்து சேர்ந்தது' என்று தானாகவே ஒரு பதில் திருப்பி அனுப்பும்; அதற்குப் பெயர் ஏக். ஏக் வராவிட்டால் அனுப்பியவர் பக்கத்துச் சிப் 15 தடவை வரை தானாகவே மறுபடி அனுப்பும். கையளவு காசுக்கு இவ்வளவா என்று தோன்றும்.

ஆனால் இந்த மாட்யூல் போல மின்சாரத்தில் வம்பு செய்வதும் வேறில்லை. 1.9 முதல் 3.6 வோல்ட் வரைதான் தாங்கும். சாதா மாட்யூல் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். வெளி ஆன்டெனாவும் பெருக்கியும் வைத்த நீள மாட்யூல் அனுப்புகிற நொடியில் நூறைத் தாண்டும். ஆர்டுயினோ உனோவின் 3.3 வோல்ட் கால் 50 மில்லி ஆம்பியருக்குத்தான் பொறுப்பு. விளைவு வினோதமாக இருக்கும்: ரெஜிஸ்டர் எல்லாம் ஒழுங்காக வாசிக்கும், பாக்கெட்டைக் கூட வாங்கும், அனுப்பச் சொன்னால் மட்டும் செத்துவிடும். நிரலில் பிழை தேடிக் கண் பூத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரலில் ஒன்றும் இருக்காது. மாட்யூலின் 1-ஆம் கால் கிரவுண்ட், 2-ஆம் கால் வோல்டேஜ். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் 47 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரைக் கால் வளைக்காமலே அங்கேயே வைத்துப் பற்றவைத்துவிடலாம். கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. பலகையில் வேறெங்கோ ஒரு மூலையில் வைத்தால் பாதிப் பலன்தான். மாட்யூலின் காலிலேயே இருக்க வேண்டும். நீள மாட்யூலுக்கு இதோடு தனி ரெகுலேட்டரும் போட்டுவிடுவேன்.

மேசையில் ஓடியது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓடாது என்பதற்கு இன்னொரு காரணம் காண்டாக்டர். மோட்டார் நிற்கும்போது காண்டாக்டரின் சுருளிலிருந்து ஒரு ஸ்பைக் கிளம்பும். மைக்ரோகன்ட்ரோலர் அதைத் தாங்கிக்கொள்ளும். ரேடியோ சிப் ஒரு கணம் மயங்கி எழும். எழுந்ததும் அதற்குப் பழைய நினைவு இருக்காது. நாம் 76 என்று எழுதிவைத்த சேனல், வாசித்துப் பார்த்தால் 2 என்று இருக்கும். சிப்புக்கு மின்சாரம் கொடுத்தவுடன் அதுவாக வைத்துக்கொள்ளும் எண் அது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும், விளக்கு மின்னிக்கொண்டிருக்கும், வாட்ச்டாக் டைமரும் எல்லாம் நலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பாக்கெட் மட்டும் வராது. சுருளுக்குக் குறுக்கே ஸ்பைக்கை அடக்கும் ஸ்னப்பர் போடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை சேனல் ரெஜிஸ்டரை வாசித்து, நாம் எழுதியதுதானா என்று பார்த்து, இல்லையென்றால் மாட்யூலை முதலிலிருந்து எழுப்பிவிட வேண்டும். நாலு வரி நிரல்தான். என் பெட்டிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

சேனல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சிப்பில் 0 முதல் 125 வரை எண் கொடுக்கலாம். 2400-உடன் அந்த எண்ணைக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ். வைஃபை தொல்லை இல்லாமல் இருக்கட்டும் என்று 100-க்கு மேல் வைக்கச் சொல்லும் பாடங்கள் நிறைய உலவுகின்றன. தொல்லை இருக்காதுதான். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் நாம் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் எல்லை 2483.5 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே காசு கட்டி வாங்கியவர்களின் இடம். தோட்டத்தில் யார் வந்து பிடிக்கப்போகிறார்கள் என்று கேட்பார்கள். நான் போட மாட்டேன்.

இனி ஏக் சங்கதி. அந்த 9 பிட் கட்டுப்பாட்டில் 6 பிட் செய்தியின் நீளம். 1 பிட், ஏக் வேண்டாம் என்று சொல்வதற்கு. மீதி 2 பிட் பாக்கெட்டின் வரிசை எண். இரண்டே பிட், அதாவது 0 முதல் 3 வரை சுற்றிச் சுற்றி வரும் எண், எதற்கு? தொட்டி அனுப்பிய பாக்கெட் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மோட்டார் அனுப்பிய ஏக் வழியில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பாக்கெட்டே போகவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பும். மோட்டார் பக்கத்துச் சிப் வரிசை எண்ணையும் சிஆர்சியையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது பழையதுதான் என்று கண்டுகொண்டு, ஏக் மட்டும் கொடுத்துவிட்டுச் செய்தியை நிரலிடம் தராமல் விட்டுவிடும்.

15 தடவையும் ஏக் வராமல் சிப் கைவிரித்துவிட்டால்? நம் நிரல் மறுபடி புதிதாக அனுப்பும். இப்போது வரிசை எண் மாறியிருக்கும். மோட்டார் பக்கம் அதைப் புதுச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளும். செய்தி 'நிலையை மாற்று' என்று இருந்தால் வந்தது வினை: முதல் பாக்கெட்டில் மோட்டார் ஓடத் தொடங்கும், அடுத்ததில் நிற்கும், தொட்டி பக்கமோ இப்போதுதான் ஓடத் தொடங்கியது என்று நினைத்துக்கொண்டிருக்கும். டிவி ரிமோட்டில் ஒரே பொத்தான் அழகாக இருக்கும். பத்து எச்பி மோட்டாருக்கு அது ஆகாது. என் பாக்கெட்டுகளில் 'மாற்று' என்ற கட்டளையே கிடையாது. 'ஓடு', 'நில்' இரண்டுதான். அதைவிட நல்லது, கட்டளையே கொடுக்காமல் தொட்டி தன் நிலவரத்தை மட்டும் சொல்வது: தண்ணீர் இத்தனை மில்லிமீட்டர். ஒரே நிலவரத்தை நூறு தடவை கேட்டாலும் மோட்டாருக்குக் குழப்பம் வராது. ஓடுவதா நிற்பதா என்று அது தானே முடிவு செய்துகொள்ளும்.

ஏக் வந்துவிட்டால் எல்லாம் உறுதி என்றும் இல்லை. அந்த ஏக்கை அனுப்பியது மறுமுனையின் ரேடியோ சிப், நிரல் அல்ல. நிரல் அந்த நேரத்தில் எல்சிடி-யில் எதையோ எழுதிக்கொண்டிருந்தால் பாக்கெட் சிப்பின் கிடங்கில் காத்துக் கிடக்கும். கிடங்கில் மூன்று பாக்கெட்டுக்குத்தான் இடம். காண்டாக்டர் உண்மையில் இழுத்ததா என்று தெரிய வேண்டுமானால், மோட்டாரின் கரண்டை அளந்து, அந்த அளவைத் தனிப் பாக்கெட்டாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏக்கை நம்பி 'மோட்டார் ஓடுகிறது' என்று பச்சை விளக்கு எரியவிடும் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பேஸ் போயிருக்கும், விளக்கு மட்டும் பச்சையாக எரியும்.

பாக்கெட்டுக்குள் என்ன வைப்பது என்பதிலும் பொறி உண்டு. தொட்டி பக்கம் ஆர்டுயினோ நானோ, மோட்டார் பக்கம் ஈஎஸ்பி32 என்று வைத்தால், தொட்டி எண் ஒரு பைட், நீர்மட்டம் தசம எண்ணாக நான்கு பைட், பேட்டரி வோல்டேஜ் இரண்டு பைட் என்று ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி, அதை அப்படியே தூக்கி அனுப்பிவிடுவார்கள். நானோவில் அது 7 பைட். அதே வரிகளை ஈஎஸ்பி32-இல் கம்பைல் செய்தால் 12 பைட். நான்கு பைட் எண் நான்கால் வகுபடும் இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகக் கம்பைலர் நடுவில் மூன்று பைட்டும், கடைசியில் இரண்டு பைட்டும் வெற்றிடம் விடுகிறது. சிஆர்சி சரியாக இருக்கும், தொட்டி எண் சரியாக இருக்கும், நீர்மட்டமும் வோல்டேஜும் மட்டும் உலகத்தில் இல்லாத எண்ணாக வரும். ஸ்ட்ரக்டைப் பேக் செய்யச் சொல்லும் வழி உண்டு. நான் அதையும் செய்வதில்லை. தசம எண்ணே அனுப்பாமல் மட்டத்தை மில்லிமீட்டரிலும் வோல்டேஜை மில்லிவோல்டிலும் முழு எண்ணாக்கி, எந்தப் பைட் எங்கே என்று கையாலேயே அடுக்கிவிடுவேன். முதல் பைட் எப்போதும் பாக்கெட் வடிவத்தின் பதிப்பு எண். அடுத்த வருடம் ஒரு சென்சார் கூட்டினால் பழைய பெட்டி புதுப் பாக்கெட்டைத் தப்பாக வாசிக்காமல் ஒதுக்கிவிட இது உதவும்.

முகவரி விஷயத்தில் ஒரு கூத்து. அடுத்தடுத்த இரண்டு தோட்டம். ஒன்றில் என் பெட்டி. பக்கத்துத் தோட்டத்தில் கல்லூரி படிக்கிற பையன் தானே செய்து வைத்த பெட்டி. அந்தப் பையன் தன் வீட்டு மோட்டார் பேய் பிடித்ததுபோல் தானாக ஓடுகிறது என்று வந்தான். ஊரிலேயே மூன்றாவதாக இன்னொருவரும் அதே பாடத்தைப் பார்த்து, அதே முகவரியை, அதே சேனலில் வைத்திருக்கிறார். பாடத்தில் இருந்த முகவரியை யாரும் மாற்றவில்லை. ஒருவர் தொட்டி காலியானால் இன்னொருவர் மோட்டார் ஓடும். முகவரி என்பது பூட்டு இல்லை, அது வெறும் கதவு எண்தான் என்று அவனிடம் சொன்னேன். பாக்கெட்டுக்குள் தோட்டத்துக்கென்று ஓர் எண், ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண், இரண்டு பெட்டிக்கும் மட்டுமே தெரிந்த சாவியால் கணக்கிட்ட நாலு பைட் முத்திரை, இவ்வளவும் இருந்தால்தான் பிறத்தியார் செய்தியையும், பதிவு செய்து திருப்பி விடப்பட்ட பழைய செய்தியையும் ஒதுக்க முடியும்.

வாழைத் தோப்பு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு எமன். இலையிலும் தண்டிலும் இருப்பதெல்லாம் தண்ணீர். கன்று நட்ட மாதத்தில் பெட்டி மாட்டினால் அருமையாக ஓடும். தார் தள்ளுகிற பருவத்தில் போன் வரும். நேர்கோட்டில் ஆன்டெனா தெரிந்தால் போதாது. 400 மீட்டர் இணைப்பில் நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றிச் சுமார் மூன்றரை மீட்டர் ஆரம் உள்ள ஃப்ரெனல் மண்டலம் இருக்கிறது. அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். ஆகவே மரம் எவ்வளவு வளரும் என்று கேட்டுவிட்டுத்தான் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். சிக்னலை அளந்து பார்க்கலாம் என்றால் இந்தச் சிப் தருவது ஒரே ஒரு பிட்: மைனஸ் 64 டிபிஎம்-க்கு மேல் இருக்கிறதா, இல்லையா. அதை வைத்து என்னத்தை அளக்க?

லோரா வந்தபிறகுதான் மூச்சு விட முடிந்தது. பிரான்சின் கிரெனோபிலில் சைக்லியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய முறை. 2012-இல் செம்டெக் அதை வாங்கியது. அலைவரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக்கொண்டே அனுப்புவதால், இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே இருக்கும் செய்தியைக்கூட எடுத்துவிடும். நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-இல் விட்டார்கள். 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள். 865-க்குக் கால் அலை ஆன்டெனா எட்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட. ஒரு துண்டுக் கம்பியே போதும்.

ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் என்று 7 முதல் 12 வரை ஓர் எண் இருக்கிறது. எண் ஏற ஏறத் தூரம் ஏறும். உடனே எல்லோரும் 12-இல் வைத்துவிடுவார்கள். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 12 பைட் செய்தி, 7-இல் 41 மில்லிசெகண்டில் போய்விடும். 12-இல் அதே செய்திக்கு ஒன்றே கால் செகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அத்தனை நேரமும் பேட்டரி தீரும். அத்தனை நேரமும் வேறு யாராவது குறுக்கே பேசிவிடக்கூடும். தோட்டத்துக்குள் 9-க்கு மேல் நான் போவதில்லை. எட்டாவிட்டால் கம்பத்தை இரண்டடி உயர்த்துவேன்.

குறுக்கே பேசுவது என்றால், மூன்று பேஸ் கரண்ட் திரும்பி வருகிற நிமிடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பண்ணையில் ஏழெட்டுப் பெட்டி. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நொடியில் விழிக்கும், ஒரே நொடியில் பேசும், எதுவும் யாருக்கும் கேட்காது. அப்புறம் எல்லாம் சரியாக 30 செகண்ட் காத்திருந்து மறுபடி ஒரே நொடியில் பேசும். 1971-இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழு அலோஹா வலையை ஓட்டியபோதே இதற்கு விடை சொல்லிவிட்டது: மோதினால் ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து அனுப்பு. இப்படி இஷ்டத்துக்குப் பேசுகிற முறையில் வழியின் கொள்ளளவில் 18.4 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்த முடியாது என்பதும் அந்தக் கணக்கிலேயே உண்டு. ஒரு பண்ணைக்கு அது தாராளம். ஆனால் ஆர்டுயினோவில் ரேண்டம் எண் கேட்டால், விதை கொடுக்காதவரை எல்லாப் பலகையும் ஒரே வரிசையைத்தான் தரும். ஏழு பெட்டியும் ஒரே 'தற்செயல்' நேரம் காத்திருந்து ஒன்றாக மோதும். பெட்டி எண்ணையே விதையாகக் கொடுத்தால் தீர்ந்தது.

இவ்வளவும் செய்தாலும் பாக்கெட் வராத நேரம் வரும். பேட்டரி இறங்கும், ஆன்டெனா மேல் மட்டை விழும். மோட்டார் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும்? ஐந்து நிமிடம் செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்து என்று எழுதிவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வது சுலபம். தென்னைக்கு நடுவே தொட்டி வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் அதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "ஏங்கண்ணு, நெறஞ்சு வழிஞ்சா நாலு மரத்துக்குப் பாயும். பாஞ்சா பாஞ்சுட்டுப் போகுது. கரண்டு இருக்கறப்ப நீ மோட்டார நிறுத்திப்போட்டீன்னா அடுத்த மொறை எப்ப வருமோ?" அவர் சொன்னது நியாயம். அவர் பெட்டியில் ஒரு மணி நேரம் பேச்சில்லாவிட்டாலும் மோட்டார் ஓடும். தொட்டிக்குக் கீழேயே மாட்டுக் கொட்டகை வைத்திருப்பவருக்கு மூன்று நிமிடம். போரில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடுகிறதா என்ற கேள்வியை மட்டும் நான் ரேடியோவிடம் விடுவதில்லை. அது மோட்டாரின் கரண்டைப் பார்த்து ஸ்டார்ட்டர் பெட்டியே எடுக்க வேண்டிய முடிவு. காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு; தண்ணீர் வழிந்தால் தண்ணீர்தான்.

இப்போது என் பெட்டிகளின் முகப்பில் சிக்னல் கோடுகள் கிடையாது. கடைசியாகப் பாக்கெட் வந்து எத்தனை செகண்ட் ஆகிறது என்ற எண் மட்டும் ஓடும். 30-க்குள் ஏறி இறங்கினால் எல்லாம் சரி; 60, 90 என்று தொட்டுவிட்டு இறங்கினால் ஒன்றிரண்டு பாக்கெட் தவறுகிறது. "அண்ணா, நாநூறு தாண்டிப் போச்சுங்க" என்று போன் வந்தால் முதலில் மணியைக் கேட்பேன். விடியற்காலை என்றால் தொட்டி பக்கத்து சோலார் பேட்டரி; பேனல் மேல் தூசியைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு மறுபடி கூப்பிடச் சொல்வேன். மோட்டார் நின்ற நொடியிலிருந்து எண் ஏறியது என்றால் ஸ்னப்பர் போயிருக்கும். அதற்கு நான்தான் பையோடு போக வேண்டும்.